மொரித்தியோடு ஓட மூன்று குதிரை

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மலையில் ஆண்கள் கூடிய இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதான். மாலிம்போ தன் குதிரையை எந்தப் பந்தயத்தில் விடப்போகிறாள்? மாவு மில்லில் கேட்டார்கள். மாதாகோயில் வாசலில் கேட்டார்கள். ஒரு சாவு வீட்டில், குழி தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றி நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்கள். நான் அவளுடைய ஓரகத்தி, அவள் மூத்த மருமகள், நான் இளையவள்.

"சின்னவளே, வாயத் தொறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டு. நெடுந்தூரமா, குட்டைத் தூரமா?"

"தெரியாது, ந்தாதே." எங்கள் பக்கம் மரியாதைக்கு ஆண்களை ந்தாதே என்போம், பெண்களை ம்மே என்போம்.

"தெரியாதாம்! ஒரே முற்றத்துல இருக்கா, ஒரே அடுப்புல தீ எடுக்கறா, தெரியாதாம்!"

உண்மையிலேயே தெரியாது. குதிரைக்கே தெரியாது என்று அக்கா சொல்வாள்.

எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் பரிசுப் பணம் வெளியிலிருந்து வருவதில்லை. ஓட வரும் குதிரைக்குச் சொந்தக்காரர் கட்டும் பணம் மேசைமேல் ஒரு இனாமல் வாளியில் விழும். அந்த வாளிதான் பரிசு. நிறையக் குதிரை வந்தால் வாளி கனக்கும். மூன்று நான்கு வந்தால் அடியில் கிடந்து சலசலக்கும். மொரித்தி வருகிறது என்று தெரிந்தால் மற்றவர்கள் பேசாமல் தங்கள் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். தோற்பதற்கு யார் பணம் கட்டுவார்கள்? மொரித்தி ஜெயிக்க ஜெயிக்க, ஜெயித்த பணம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதனால் அக்கா எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிறாளோ அந்த வாளி காலி, மற்ற வாளிகள் நிறையும். நான்கு பள்ளத்தாக்கு ஆண்களின் கணக்கு ஒரு பெண்ணின் வாயில் இருந்தது.

அந்த வாயில் பெரும்பாலும் மூக்குப்பொடி இருக்கும். மூக்கில் போட்டது போக மீதியைக் கீழுதட்டில் அடக்கிக்கொள்வாள்.

மாலிம்போ அக்கா கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் பையன்கள் செய்யும் வேலை அவளுக்கு வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடுகளோடு மேட்டுக் கொட்டிலில் தங்கினாள், சேணம் இல்லாமல் குதிரையேறினாள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது, புது மருமகள் தண்ணீர்க் குடத்தோடு குதிரையில் வந்து இறங்கியதைப் பார்த்து மாமனார் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தவர் திரும்ப வைக்க மறந்துவிட்டாராம். லிம்போ பிறந்த பிறகு எல்லாப் பெண்களையும் போல அவளும் மகள் பெயரால் மாலிம்போ ஆனாள். பிறந்த வீட்டுப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை.

அவள் கணவர் மொலேஃபி, என் வீட்டுக்காரருக்கு அண்ணன், எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது கையில் கொஞ்சம் பணத்தோடு வந்தார். கூரை ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. தகரம் வாங்கலாம் என்று இரண்டு பேரும் சந்தைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு சினைக்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"தகரம் எங்கண்ணே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்க அண்ணியக் கேளு. அந்தக் குதிரையோட வயித்துல காத வெச்சா, எடுக்கவே இல்ல. கடைக்காரன் கடைய மூடிட்டுப் போயிட்டான்."

அந்த வயிற்றில் இருந்தது மொரித்தி. நிழல் என்று அர்த்தம். பனி கொட்டிய ஒரு விடியலில் பிறந்தது. பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, மற்றபடி கரி பிடித்த சட்டியின் அடி மாதிரிக் கறுப்பு. பிறந்து எழுந்து நின்ற குட்டி தாயிடம் போகாமல் முதலில் கொட்டிலின் வாசலுக்குப் போய் வெளியே பார்த்தது. நான் சூடான தண்ணீர் வாளியோடு அங்கே நின்றேன். என்னைத் தாண்டி மலையைப் பார்த்தது. என் கையில் தண்ணீர் ஆறிவிட்டது.

மூன்று வயதில் முதல் பந்தயம். அதற்குப் பிறகு எத்தனை என்று நான் எண்ணவில்லை. எல்லாமே ஒரே மாதிரி நடந்தன. கொடி விழும், மொரித்தி முன்னால் போகும், முன்னாலேயே வந்து சேரும். ஜாக்கி கொபானோ நடுவயதுக்காரன், உருவத்தில் சின்னவன், கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பான். அவன் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தான். சாட்டை எடுத்துப் போகவே மாட்டான்.

ஆட்கள் பயந்து ஒதுங்கத் தொடங்கியபோது மொலேஃபி மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. பூட்ஸ் பாலிஷ் வாங்கி வந்து அந்த வெள்ளைக் காலைக் கறுப்பாக்கினார். பிடரியைக் கத்தரித்தார். கீழ்ப் பள்ளத்தாக்குப் பந்தயத்துக்கு வேறு பெயர் சொல்லிக் கொண்டுபோனார். மேசையருகே வருவதற்குள் ஒரு கிழவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, "வா மொரித்தி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். மைதானமே சிரித்தது. நடையை எந்தப் பாலிஷ் போட்டு மறைப்பது? மாமா திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அக்கா சிரித்தாள், ஆனால் அன்று சாயங்காலம் களி கிண்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்:

"அவ ஓடி நான் பார்த்ததே இல்லடி."

"என்னக்கா சொல்றே? இத்தனை ஜெயிச்சிருக்கே!"

"ஜெயிச்சா. ஓடல. பக்கத்துல ஒருத்தன் வந்து நெருக்கினாதானே ஓடணும்? இது வரைக்கும் அவ சும்மா வீட்டுக்கு வர்ற மாதிரிதான் வந்துக்கிட்டிருக்கா. உள்ள எவ்வளவு இருக்குன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "வசந்தத்துல பொலிக்கு விட்டுடுவோம். அதுக்கப்புறம் அவ அம்மாக்காரி. தெரியாமலே போயிடும்."

பொலிக்கு விடுவது வீட்டில் முடிவான விஷயம். ஊர்த் தலைவரின் ஆண்குதிரைக்குச் சொல்லி வைத்தாயிற்று. ஆகவே மீதி இருந்தது ஒரே ஒரு நாள், எங்கள் பக்கத்தில் குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலையில், அரசர் பிறந்தநாள் பந்தயம்.

அந்த ஒரு நாள் மட்டும் கடைக்காரர்கள் வாளியில் தங்கள் பணத்தையும் போடுவார்கள். நெடுந்தூர வாளி ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு மாவு வாங்கும் அளவுக்கு இருக்கும். ஜெயித்த குதிரைக்கு மூன்று பங்கு, இரண்டாவதுக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கே ஒழுகும் பக்கத்துக்குத் தகரம் போடப் போதும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விதி உண்டு. நாலு குதிரையாவது நிற்கவேண்டும். இல்லாவிட்டால் பந்தயம் கிடையாது, கடைக்காரர்கள் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் முந்தின நாளே போய்விட்டோம். காலையில் மைதானம் முழுக்க உறைபனி, மிதித்தால் நொறுங்கியது. குதிரைகளெல்லாம் மூக்கு வரை கம்பளி போர்த்தி நின்றன, ஆட்களும் அப்படியே. இரண்டு மேசை, இரண்டு வாளி. நடுவில் கமிட்டிக்காரர் ரபுலா ஒலிபெருக்கிக் குழலோடு நின்றார்.

யாரும் பெயர் கொடுக்கவில்லை.

"ந்தாதே மகேத்தா, பணம் கட்டலியா?" என்று ரபுலா கேட்டார். மகேத்தா சமவெளியில் இரண்டு லாரி வைத்திருப்பவர். கிங்ஸ்டன் என்ற செம்பழுப்புக் குதிரையைத் தென்னாப்பிரிக்காவில் பெரிய பந்தய மைதானத்திலிருந்தே வாங்கி வந்தவர்.

"டீ குடிச்சிட்டு வர்றேன்."

"இது மூணாவது டீ."

"குளிருதே, என்ன செய்ய?"

"அந்தப் பக்கம் நீங்க ஏன் சும்மா நிக்கிறீங்க?"

"என் குதிரை யோசிக்குது," என்றான் ஒருவன். எல்லாரும் அக்காவைப் பார்க்காத மாதிரி அக்காவையே பார்த்தார்கள். அவள் என் மூட்டையிலிருந்து ஒரு பொரித்த ரொட்டி உருண்டையை எடுத்து நிதானமாகத் தின்றாள். வெயில் ஏறி, பனி உருகி, புல் நனைந்தது. ரபுலா குழலில் கத்தினார்: "இப்படியே நின்னா அரசருக்கு அடுத்த பிறந்தநாளே வந்துடும்!"

அப்போது அக்கா கையைக் கம்பளியில் துடைத்துக்கொண்டு போய் நெடுந்தூர வாளியில் பணத்தைப் போட்டாள்.

டீக் குவளைகள் தரையில் விழுந்தன. மகேத்தா தவிர அத்தனை பேரும் குட்டைத் தூர மேசைக்கு ஓடினார்கள். ஒருவர் தன் குதிரையை மறந்து மேசைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போனார். நெடுந்தூர மேசையில் அக்கா மட்டும் நின்றாள்.

"ம்மே மாலிம்போ," என்றார் ரபுலா, குழலை இறக்கிவிட்டு, மெதுவாக. "இன்னும் மூணு வேணும். இல்லேன்னா உன் பணத்த நீ எடுத்துக்க வேண்டியதுதான்."

அக்கா அவர் கையிலிருந்து குழலை வாங்கினாள். பெண்கள் அந்த மேசைப்பக்கம் போவதே அரிது. குழலை வாங்கிப் பேசிய பெண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் காது சூடானது. நான் மூட்டையை அணைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் கேளுங்க. என் குதிரை ஜெயிச்சா, ஜெயிச்ச மூணு பங்குல ஒரு காசு எனக்கு வேணாம். பின்னால ஓடி வர்ற குதிரைங்களுக்குப் பிரிச்சுக் குடுங்க. தோத்தா வழக்கம்போல. எனக்கு மூணு குதிரை வேணும். ஓடற குதிரையா இருக்கட்டும்."

குட்டைத் தூர மேசையில் பணத்தை நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. நான் மொலேஃபி மாமாவைப் பார்த்தேன். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தகரம், தகரம் என்று சொன்ன மாதிரி இருந்தது.

முதலில் வந்தவர் தபால் சுமக்கும் செகோலி. அவருடைய குதிரைக்குப் பல் தேய்ந்துவிட்டது, காதில் நரை.

"ம்மே, இதுவும் ஓடற குதிரைதான். முன்ன."

"வாங்க."

"கடைசியா வந்தாலும் பங்கு உண்டுல்ல?"

"மொரித்தி ஜெயிச்சா உண்டு."

"அப்ப நான் உயிரக் குடுத்து உன் குதிரைக்குக் கத்துவேன்!"

எல்லாரும் சிரித்தார்கள், சிரிப்பில் கூச்சம் விலகியது. ரபுலாவின் மைத்துனன் ஒரு சாம்பல் குதிரையைக் கொண்டுவந்தான். இன்னும் ஒன்று. மகேத்தா டீக் குவளையைக் கவிழ்த்து உதறிவிட்டு எழுந்தார்.

"பங்குக்காக ஓடறவன் நானில்ல," என்றார். "எம் பையன் கிங்ஸ்டனைப் பெரிய மைதானத்துல பார்த்தவங்க இங்க யாரும் இல்ல. உன் கறுப்பிய ஜெயிக்கத்தான் வர்றேன், ம்மே. அப்புறம் அழாதே."

"உன் பையன் வேகமா வந்தா உன் கையப் புடிச்சு முத்தம் குடுப்பேன்," என்றாள் அக்கா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

புறப்படும் மேட்டுக்குக் குதிரைகளை நடத்திப் போகுமுன் மொலேஃபி மாமா கொபானோவைத் தனியாக இழுத்தார். நான் கம்பளியை மடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நான் நிற்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

"கேளு தம்பி. ஜெயிச்சா நமக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவதா வந்தா ஒரு பங்கு. அதுல உனக்கும் உண்டு. கத்தாழைப் புதர் வளைவுல, யாருக்கும் தெரியாது, கொஞ்சம் கைய இறுக்கு. தோக்கச் சொல்லல. ரெண்டாவதா வரச் சொல்றேன்."

"அது தோக்கறதுதானே, அண்ணே?"

"மழை பெய்யறப்ப என் வீட்ல வந்து படு, அப்ப தெரியும்."

கொபானோ குதிரைமேல் ஏறினான். அக்கா குதிரையின் மறுபக்கம் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். கொபானோவின் செருப்பில்லாத பாதம் அந்தப் பக்கம் தொங்கியபோது அதைப் பிடித்து அங்கவடியில் வைத்தாள். அவளுக்குக் காது கேட்கும். கணவரைப் பார்த்து, "பிடிச்சுப் பார்க்கட்டும், மனுஷா," என்றாள். கோபம் இல்லை. "பிடிச்சாலாவது உள்ள என்ன இருக்குன்னு தெரியட்டும்."

ஓடும் வழி மேட்டில் தொடங்கி, ஓடையோரம் இறங்கி, கத்தாழைப் புதரைச் சுற்றித் திரும்பி, நாங்கள் நின்ற கம்பம் வரை ஏறும். கொடி விழுந்தது தெரிந்தது, சத்தம் பிறகு வந்தது. ஐந்து குதிரைகள் தூரத்தில் எறும்பு போல இறங்கின.

மொரித்தி முன்னால் இல்லை.

கிங்ஸ்டன் முன்னால் போனது. அது ஓடிய அழகைச் சொல்லாமல் விடமுடியாது. நீண்டு நீண்டு, தரையைத் தொடாத மாதிரி. மொரித்தி இன்னொரு குதிரையின் வாலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓடையோரம் இடைவெளி கூடியது. செகோலி தன் கிழட்டுக் குதிரையின்மேல் கடைசியில் வந்துகொண்டே, "மொரித்தி! மொரித்தி!" என்று அலறிக்கொண்டிருந்தார். சிரிக்க யாருக்கும் நேரமில்லை.

"போதும்," என்று மாமா என் பக்கத்தில் முணுமுணுத்தார். "ரெண்டாவது. அப்படியே இரு. ரெண்டாவது போதும்."

கத்தாழைப் புதர் அவர்களை மறைத்தது. முதலில் கிங்ஸ்டன் வெளியே வந்தது. பிறகு மொரித்தி. கொபானோ பின்னால் சாய்ந்து லகானை இழுத்துக்கொண்டிருந்தது எங்களுக்கே தெரிந்தது. மொரித்தியின் தலை தூக்கி வளைந்திருந்தது.

அப்போது அது தலையைக் கீழே போட்டது.

எனக்கு எழுதத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். அதுவரை ஓடியது ஒரு குதிரை, அந்த இடத்திலிருந்து ஏறியது வேறொன்று. வயிறு தரையோடு தாழ்ந்தது. கறுப்பு உடம்பு நீளமாயிற்று. மேட்டில் ஏறும் எந்தக் குதிரைக்கும் வேகம் குறையும், அதற்குக் கூடியது. விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் விரலை வாயில் வைத்தபடி நின்றார்கள். குலவையிட நாக்கைத் தூக்கிய பெண்கள் அப்படியே நின்றார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது, காதுக்கு முன்னால் பாதத்துக்கு. கமிட்டி மேசையில் குவளைகள் ஒன்றோடொன்று இடித்து ஒலித்தன.

கிங்ஸ்டனும் விட்டுக்கொடுக்கவில்லை. மகேத்தா சொன்னது பொய்யில்லை, அது பெரிய குதிரைதான். பக்கத்தில் கறுப்பு வந்ததும் அதுவும் இன்னும் நீண்டது. இரண்டும் ஒரே மூச்சாக வந்தன. அப்போது என் காதருகே ஒரு கத்தல் வெடித்தது. மொலேஃபி மாமா கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டிவிட்டார். தொப்பி ஒரு கையில், கைத்தடி ஒரு கையில்.

"விடுடா! விடு! கைய எடு அவ மேலருந்து! விடுடா பாவி!"

கம்பத்தைத் தாண்டும்போது ஒரு கழுத்து அளவு கறுப்பு முன்னால் இருந்தது.

ஒரு பெண் எங்கோ அழுதாள். பிறகு குலவை எழுந்து மலையில் மோதித் திரும்பி வந்தது. ஆண்கள் கைத்தடிகளைத் தூக்கினார்கள். குதிரைக்குப் புகழ்ச்சிப் பாட்டுக் கட்டத் தொடங்கியவன் முதல் அடியைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரையிடம் ஓடினான். மாமா கயிற்றுக்குள்ளே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார், குரல் போய்விட்டது. ரபுலா மறக்காமல் வாளியோடு வந்தார். மூன்று பங்கும் பிரிந்தது. செகோலி தன் பங்கை வாங்கிக் கிழட்டுக் குதிரையின் காதருகே ஆட்டிக் காட்டினார். மகேத்தா தன் பங்கை வாங்கவில்லை. வாங்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரபுலா நீட்டிக்கொண்டே இருந்தார், மகேத்தா மொரித்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொபானோ இறங்கினான். குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம்.

"ம்மே," என்றான் அக்காவிடம். "பொய் சொல்லமாட்டேன். வளைவுல பிடிச்சேன். என் பலம் மொத்தத்தையும் போட்டுப் பிடிச்சேன். அவ என் கையிலருந்து பிடுங்கிக்கிட்டா."

அக்கா அவன் கையைப் பார்க்கவில்லை. மொரித்தியின் விலாவில் காதை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். குதிரையின் வேர்வை ஆவியாக எழும்பி அவள் முகத்தை மூடியது. பிறகு நிமிர்ந்தாள். அவள் அப்போது கேட்ட குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை, அவ்வளவு சின்னக் குரல்.

"கொபானோ, கடைசில... மிச்சம் இருந்துச்சா?"

அவன் குதிரையைப் பார்த்தான். மகேத்தாவும் பார்த்தார். மாமா மண்டியிட்ட இடத்திலிருந்து தலையைத் திருப்பினார்.

"இருந்துச்சு, ம்மே," என்றான் கொபானோ. "கம்பத்தத் தாண்டினப்பறமும் கூடிக்கிட்டே போச்சு. நான் பயந்துட்டேன்."

"இன்னுமா?" என்றார் மாமா, காற்றாக.

அக்கா ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, போர்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, தன் குதிரையைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள், இப்போதுதான் யாரோ அறிமுகம் செய்துவைத்த மாதிரி.